முயலவில்லை என்று நான் எழுதிய குழந்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். என் அனுபவம் உங்களுக்கு உதவுமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோதனைப் பெட்டியை எப்படித் திறப்பது, கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, கடிகாரத்தை எப்போது நிறுத்துவது, இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நெட்டுருப் போட்டுத் தேர்வும் எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் ஒரு குழந்தையைக் கெடுத்த கதையை மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷ வேலையில் நன்றாகச் செய்த காரியங்களும் சில உண்டு. அவற்றை யாராவது கூட்டம் போட்டுப் பேசுவார்கள், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

யுத்தமும் முடியாமல் ரேஷன் வரிசையும் முடியாமல் இருந்த சமயம் அது. எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மாதுங்காவில் இருந்தது. அப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். நான் பி.ஏ. முடித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த வேலை வந்தது. பிள்ளைகள் கோர்ட்டை ஒட்டி குழந்தைகளின் புத்தியை அளக்கும் ஒரு சோதனை அறை உண்டு, அங்கே தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். அப்பா இரண்டு நிபந்தனைகளோடு அனுப்பினார். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். வெளியில் கண்டவர்களைத் தொட்டிருந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இரண்டாவது எனக்கு நிபந்தனையாகவே படவில்லை. எங்கள் வீட்டில் அது பல் தேய்ப்பது மாதிரி.

அந்த அறைக்குத் தலைவி ஒரு டாக்டரம்மா. சீமையில் படித்தவர். தொட்டில் குழந்தை முதல் கோல் ஊன்றுகிறவர் வரை மனிதனுடைய மனம் எப்படி வளர்கிறது, எங்கே நிற்கிறது, எப்போது தேய ஆரம்பிக்கிறது என்பதை இந்த ஊர் மனிதர்களை வைத்தே எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இங்கிலாந்துக் குழந்தைகளை வைத்துச் செய்த அளவுகோலை நம் குழந்தைகள் தலையில் எத்தனை நாள் கட்டுவது என்று கோபப்படுவார். கோர்ட் வேலை போக மீதி நேரமெல்லாம் அந்த ஆராய்ச்சிதான். அதில் தமிழர்கள் என் பொறுப்பு. மாதுங்காவில் ஆபீஸ் வேலைக்காரர்களின் வீடுகள், தாராவியில் திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். மணி கோக்கச் சொல்வேன், கட்டை அடுக்கச் சொல்வேன், படம் காட்டிக் கதை கேட்பேன். கிழவர்களிடம் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், கல்யாணத்தன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவேன். இரண்டு வருஷத்தில் பதினோரு நோட்டுகள் நிரம்பின. அந்த அலமாரியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். குழந்தை செய்து காட்டியதை வைத்து அதன் மனத்துக்கு ஒரு வயது போடுவோம். உடம்புக்குப் பத்து, மனத்துக்கு ஏழு என்பது போல. மூன்று தரம் சொல்லியும் குழந்தை ஒரு வேலையைத் தொடவே இல்லை என்றால் தாளில் 'முயலவில்லை' என்று எழுதி, அதற்கு மதிப்பெண் இல்லாமல் விட்டுவிட வேண்டும். இந்தச் சொல்லை நீங்கள் இன்றும் எழுதுகிறீர்கள். எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

இனி இசக்கியைப் பற்றி. தாராவியிலிருந்து வந்த பெண், எட்டு வயது. அப்பா சுடலை, தோல் பட்டறையில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை. அம்மா காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பகலில் இந்தப் பெண் வீட்டில் தனியாக இருப்பாள். ஒருநாள் கால்போன போக்கில் நடந்து மாதுங்கா மார்க்கெட்டுக்கு வந்துவிட்டாள். பூக்கடைப் பக்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவளை ஒரு போலீஸ்காரன் விசாரித்தான். அவள் வாயே திறக்கவில்லை. அநாதை என்று எழுதி, பிள்ளைகளை அடைத்து வைக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டான். அப்பா மூன்று நாள் தேடி அலைந்து கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மாஜிஸ்திரேட் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணுக்கு வயதுக்கேற்ற புத்தி இருக்கிறதா? இருக்கிறது என்றால் அப்பாவிடமே கொடுத்து, பகலில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வார். இல்லை என்றால் அப்படிப்பட்ட பெண்ணைப் பகல் முழுவதும் தனியாக விட முடியாது, செம்பூரைத் தாண்டி இருந்த ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுவார். அன்றைக்கே உத்தரவு போட வேண்டும் என்பதால் அறிக்கை பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தமிழ்ப் பெண், தமிழ்ச் சோதனையாளர் என்று டாக்டரம்மா என்னிடம் தள்ளிவிட்டார். பத்தரை மணிக்கு இசக்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"உட்காரு, குழந்தே" என்றேன். உட்காரவில்லை.

"உன் பேரென்ன?"

"இசக்கி."

"ஆத்துல ஆரெல்லாம் இருக்கா?"

"ஐயா." அப்பாவைத்தான் சொன்னாள். குனிந்த தலை நிமிரவில்லை.

மணித் தட்டையும் நூலையும் அவள் பக்கம் நகர்த்தினேன். "இதை எல்லாம் எடுத்து நூல்ல கோத்துக் காட்டு, பார்ப்போம்." அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மூன்று தரம் சொன்னேன். முயலவில்லை. கட்டை அடுக்கச் சொன்னேன். முயலவில்லை. பென்சிலைக் கொடுத்துச் சதுரம் போடச் சொன்னேன். பென்சிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முயலவில்லை. பலகையில் குழிகளுக்குப் பொருத்தமான துண்டுகளை வைக்கும் சோதனை, முயலவில்லை. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது மட்டும் "ஆடு", "பானை" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அந்தப் பதில்களைத்தான் மதிப்பெண்ணாகப் போட முடிந்தது.

நடுவில் ஒன்று நடந்தது. என் முந்தானை பட்டு மணித் தட்டு கவிழ்ந்து, நாலு நிறத்து மணிகளும் தரையெங்கும் ஓடின. நான் மேஜைக்கடியில் குனிந்து பொறுக்கினேன். எல்லாம் எடுத்தாயிற்று என்று நிமிர்ந்தபோது அவள் முதல் முறையாக, கேட்காமலே பேசினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. செவப்பு. அந்தா, அலமாரிக் காலுக்குப் பொறத்தால கெடக்கு."

போய்ப் பார்த்தேன். இருந்தது. "சமர்த்து" என்றுகூடச் சொன்னேன். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஓடுகிற மணிகளில் எந்த மணி எங்கே போயிற்று, எதை நான் எடுத்தேன், எதை விட்டேன் என்று பார்த்து வைத்துக்கொள்கிற குழந்தைக்குப் புத்தி எப்படிக் குறைவாக இருக்கும்? இதை எழுதத் தாளில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நான் எழுதவில்லை. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

கதவைத் தட்டி டாக்டரம்மா மணி பன்னிரண்டாகப் போகிறது என்றார். கையில் பேனாவோடு நான் தயங்கியது உண்மை. எவ்வளவு நேரம் என்று கேட்டால், அரை நிமிஷம் இருக்கும். அவசரம், கோர்ட், பெரியவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற பயம். இன்னொரு நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்டிருந்தால் மாஜிஸ்திரேட் ஒரு வாரம் கொடுத்திருப்பார், அதற்கு வழி இருந்தது. இரண்டு வருஷம் ஆகியும் தடுமாறுகிறாள் என்று நினைப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. உடம்புக்கு எட்டு, மனத்துக்கு நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெண்ணின் அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உத்தரவு என்னவென்று அவருக்குப் புரியவில்லை. கான்ஸ்டபிள் தன் தலையைத் தட்டிக் காட்டி, மூளை முற்றவில்லை என்ற அர்த்தத்தில் "திமாக் கச்சா ஹை" என்றான். சுடலை அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டார். பெண் வண்டியில் ஏறும்போது, "ராத்திரி மிச்சச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருய்யா, மறந்துராத" என்று அவரிடம் சொன்னாள். என் காதில் நன்றாக விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா உள்ளிருந்து வழக்கம்போலக் கேட்டாள்.

"ஆரையானும் தொட்டயோடி? தொட்டிருந்தா குளிச்சுட்டு வந்தாப் போரும், கேட்டயோ."

"இல்லேம்மா. இன்னிக்கு ஒரே ஒரு குழந்தைதான். அது எதையுமே தொடல்லே."

"பரவாயில்லையே" என்றாள் அம்மா. "நன்னா வளர்த்திருக்கா."

காபி டம்ளரைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. என் புடவைக் கட்டு, மூக்குத்தி, 'ஆத்துல ஆரெல்லாம்' என்ற பேச்சு, இவற்றை ஒரு பார்வை பார்த்த உடனே நான் யார், அவள் யார் என்று அந்தப் பெண் கண்டுகொண்டிருக்கிறாள். என் மேஜை, என் மணி, என் பென்சில். தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உட்காரச் சொன்னபோது உட்காராததும் அதனால்தான். எட்டு வயசுப் பெண் என்னை அரை நிமிஷத்தில் அளந்துவிட்டாள். நான் ஒன்றரை மணி நேரம் அளந்தும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவுக்கு, பி.ஏ. படிக்காதவளுக்கு, அந்தப் பெண்ணைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ரொம்ப காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் பெருக்க வருகிறவளுக்கு அம்மா மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் குழந்தை கையை நீட்டாமல் நின்றபோது எனக்குள் ஏதோ ஒரு மூலையில் சௌகரியமாக இருந்தது. இன்றைக்குக் குளிக்க வேண்டாம் என்று. இதை எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"தாராவிக் குழந்தைகளில் இன்னும் எத்தனை பேருக்கு நீ 'முயலவில்லை' என்று எழுதியிருக்கிறாய்?"

நிறைய. ஒவ்வொரு நோட்டிலும் நிறைய.

"எழுதிக் கொடு" என்றார். "உன் சோதனை செல்லாது, காரணம் இன்னது என்று உன் கைப்பட எழுதிக் கொடு. இன்றைக்கே கோர்ட்டுக்கு அனுப்புகிறேன். ஆனால் இந்தக் குழந்தைக்குச் செல்லாதது மற்றக் குழந்தைகளுக்கும் செல்லாது. அந்தப் பதினோரு நோட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். யோசித்துச் செய்."

ஒரு தாளை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். நியாயமான மனுஷி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தாள் என் எதிரில் இருந்தது. இரண்டு வருஷ உழைப்பு. அந்த நோட்டுகள் இல்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை? வேலை போனால் மறுபடியும் காபித் தட்டு. அடுத்த வருஷம் மேல்படிப்புக்கு என்னை அனுப்பப் போவதாக வேறு ஒரு பேச்சு இருந்தது. டாக்டரம்மா திரும்பி வந்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது.

"எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்றேன்.

அவர் அந்தத் தாளை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. அவரும்தான் அந்த நோட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டார் என்பது எனக்குப் பிறகு தோன்றியது. ஆனால் தாள் என் எதிரில் இருந்தது, அவர் எதிரில் இல்லை.

ஒரு வாரம் கழித்து சுடலை வந்தார். அறைக்குள் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"பிள்ளைக்குப் புத்தி இல்லன்னு எழுதிட்டியளாமே, அம்மா. அது வீட்டுல சோறு பொங்கும். அவ ஆத்தா செத்த பொறவு அடுப்படி எல்லாம் அவதான். செம்பூருக்குப் போயி பாத்தேன். அந்த அம்மா குடுத்த சாமானை ஏன்ட்டி எடுக்கலன்னு கேட்டேன். 'நீதானய்யா தொடக்கூடாதுன்னு அடிச்ச'ங்கா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார்.

"போன வருசம் மாதுங்காவுல ஒரு வீட்டுக்கு வெறகு பொளக்கப் போனேன். இவளும் கூட வந்தா. அந்த வீட்டுப் பிள்ளையோட சொப்பு ஒண்ணு வாசல்ல கெடந்துச்சு. எடுத்துட்டா. அந்த வீட்டம்மா போட்ட சத்தத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவளப் போட்டு அடிச்சிட்டேன். இனிமே பெரியவங்க சாமானைத் தொட்டா கைல சூடு போட்ருவேன்னு சொன்னேன். அதுதாம்மா. வேற ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க. நான் பக்கத்துல நின்னு, எடுட்டின்னு சொல்லுதேன். எடுத்துருவா."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் பாடப் புத்தகங்களில் இருப்பதெல்லாம் அந்த மனிதர் நிலைப்படிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டார். அவரை அழைத்துக்கொண்டு அன்றே செம்பூருக்குப் போயிருக்க வேண்டும். அல்லது, தப்பு என்னுடையது என்ற ஒரு சொல்லாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் என்ற கோபம். பெரிய அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"குழந்தையைப் போட்டு அடிச்சா இப்படித்தான் ஆகும். பிஞ்சு மனசு இல்லையா? அடிக்கறதுக்கு முன்னாலே யோசிச்சிருக்கணும்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வரும்போது அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. போகும்போது அது இல்லை. "ஆமாம்மா. அடிச்சிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனார். அறிக்கையில் நான் எழுதியது பெரிய குற்றம்தான். ஆனால் அவசரத்தில், பயத்தில் எழுதினேன் என்று அதற்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்னிடம் ஒரு சமாதானமும் கிடையாது.

விடுதியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் பார்க்கலாம். பார்த்துவிட்டு மறுநாள் அவர் எங்கள் அறைக்கு வந்து வாசலில் நிற்பார். முதலில், "'ஊருக்குப் போவோம்யா'ங்கா" என்றார். அப்புறம், "முன்ன மாதிரிப் பேச மாட்டேங்கா" என்றார். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, "என்னை யாருன்னு தெரியுது. அம்புட்டுத்தான்" என்றார். அவர் வந்து நின்றால் நான் ஏதாவது ஃபைலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மறுபடி சோதிக்க வேண்டும் என்று விதி. விதிப்படி நடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அதுவும் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று.

நடுவில் நாடு சுதந்திரம் அடைந்தது. செம்பூர்ப் பக்கம் சிந்திலிருந்து வந்த அகதிகளுக்கு முகாம் போட்டிருந்தார்கள். குர்லாவில் வண்டி மாறிப் போய் இறங்கி, அந்தக் கூட்டத்துக்கு நடுவே விடுதிக்கு நடந்தேன். இந்தத் தரம் எல்லாம் சரியாகச் செய்யப்போகிறேன் என்ற உறுதியோடு போனேன். மேஜை வேண்டாம் என்று சொல்லி, தரையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவள் இரண்டு கைகளையும் என் கைகளில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. என்னை மறந்து அழுதுவிட்டேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கூச்சம், பயம் ஒன்றும் இல்லை. மணித் தட்டை வைத்தேன். இரண்டு கையாலும் அள்ளினாள். வாயில் போட்டுக்கொண்டாள். நூலைக் கொடுத்தேன். அதையும் வாயில் வைத்தாள். கட்டைகளைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். பென்சிலால் தரையைக் குத்தினாள். இரண்டரை வருஷம் பேச்சில்லாத, விளையாட்டில்லாத பிள்ளைகளுக்கு நடுவே, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே இருந்து, அவளும் ஆடக் கற்றுக்கொண்டிருந்தாள். உடம்பு நன்றாக வளர்ந்திருந்தது. ஆட்டுப் படத்தைக் காட்டி, "இது என்ன, இசக்கி?" என்று கேட்டேன். படத்தைத் தொட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. பலகைத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குழிகளில் பொருத்தினாள், அதற்குத்தான் மதிப்பெண் விழுந்தது. கூட்டிப் பார்த்தேன். மனத்துக்கு நான்கு. ஒரு மாதம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. முதல் தடவை நான் எழுதியது பொய். நான் எழுதியபடியே இருக்க அவளைப் பழக்கி எடுத்துவிட்டார்கள்.

பயிற்சி வகுப்பில் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வது உண்டு. எட்டு வயதிலும் பத்து வயது தாண்டியும் சோதித்து, இரண்டு தடவையும் ஒரே விடை வந்த பெண், சோதனை நம்பகமானது என்பதற்கு உதாரணம் என்று. டாக்டரம்மா ஆரம்பித்து வைத்தார். அவருக்குப் பிறகு நான் நடத்தினேன். உங்களுக்கு மூத்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் அதைக் கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு இப்போது உங்கள் பெட்டியிலும் இருக்கும். அந்தப் பெண் இசக்கிதான். வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

விடுதியிலிருந்து திரும்பி வந்த வாரம் நான் தாராவிக்குப் போனேன். இனி பெண் வீட்டுக்கு வரமாட்டாள் என்று சுடலைக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ தெருவில் நின்று படித்துக் காட்டுவார்கள். அது மட்டும் வேண்டாம் என்று நானே போனேன். ஞாயிற்றுக்கிழமை பகல். தோல் காயும் நாற்றத்துக்கு நடுவே ஒற்றை அறை. என்னைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு சாக்கை உதறி விரித்தார். உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குப் பெண் என்னைக் கண்டுதான் கையைக் கட்டிக்கொண்டாள், எனக்கு அது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, தெரிந்தும் மறைத்தேன், நீங்கள் வந்து கேட்டபோது பழியை உங்கள் மேல் போட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. நான் அடிச்சதுதான்."

"நீங்க அடிச்சதாலே இல்லே. நான் பொய் சொன்னேன்."

"நீங்கதான அன்னைக்குச் சொன்னிய, பிஞ்சு மனசு, அடிச்சா இப்படித்தான் ஆவும்னு. நானும் ரெண்டு வருசமா அதையேதாம்மா நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். சரியாத்தான் சொல்லிருக்கிய. இப்ப என் மனசு ஆறட்டும்னு இப்படி மாத்திச் சொல்லுதிய. நீங்க நல்லா இருக்கணும்."

மறுபடியும் சொன்னேன். மன்றாடினேன். அவர் விடவில்லை. நான் கொடுத்ததை என்னாலேயே திரும்ப வாங்க முடியவில்லை. மனம் எத்தனை வயது வரை வளரும், எந்த வயதில் இறுகிப்போகும் என்று டாக்டரம்மா கோடு போட்டு வைத்திருந்தார். இந்த மனிதர் மனத்தில் ஒரு சொல் இறுகிப்போக இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எழுந்துகொண்டேன். தெருமுனை வரை கூடவே வந்தார். அங்கே நின்று, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு கேட்டார்.

"ஒங்க கணக்குல இப்ப அதுக்கு எத்தன வயசும்மா ஆவுது?"

"நாலு" என்றேன். இந்த முறை பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

"நாலா?" என்றார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்புக்கூட வந்தது.

"நாலு வயசுலதாம்மா அவ ரொம்பச் சூட்டிகையா இருந்தா."